இராமையா கங்காணிக்குத் தொண்டை கட்டிய கதை

குட்டியாக இருந்தவரை டைகரைப் போல ஒரு நாய் வட்டகொடை ஸ்டேஷனைச் சுற்றியுள்ள எந்தத் தோட்டத்திலும் கிடையாது என்று இராமையா கங்காணி சத்தியம் செய்வார். அதில் பொய்யில்லை. வா என்றால் வரும். போ என்றால் இரண்டு எட்டுப் போய்விட்டு, போகத்தான் வேண்டுமா என்று திரும்பிப் பார்க்கும். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது கங்காணியின் காலடியில் உட்கார்ந்து, அடுத்தது தன் பேர்தான் என்பது மாதிரி காதைத் தூக்கி வைத்திருக்கும். அப்படிப்பட்ட நாய்க்கு ஒன்பதாவது மாதத்தில் மீசை முளைத்துவிட்டது.

நாய்க்குப் பிறக்கும்போதே மீசை உண்டே என்று யாரும் குறுக்கே பேச வேண்டாம். இங்கே சொல்வது வேறு மீசை. வீட்டுப் பையன்களுக்குப் பதினாறு வயதில் முளைக்குமே, அப்பன் சொன்னால் கேட்கவேண்டுமா என்று கேட்கிற மீசை, அது.

முதலில் கங்காணி காலில் போடுகிற சப்பாத்தில் ஒன்றைக் கடித்துக் குதறியது. இரண்டையும் குதறியிருந்தால் புதுசு வாங்கியிருப்பார். ஒன்றை மட்டும் பத்திரமாக விட்டுவைத்ததில் மனுசனுக்கு வயிறு எரிந்தது. பீலிக்கரையில் துவைத்துப் போட்ட துணியை இழுத்துக்கொண்டு ஓடியது. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கைப் பின்னாலிருந்து பிடித்துத் தொங்கியது. அவ்வளவு வீரம் காட்டுகிற நாய், பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற மட்டக்கம்பை, தேயிலைச் செடியின் உயரம் பார்க்க மேலே போடுகிற வெறும் குச்சியை, ஒருநாள் பேயைக் கண்டது மாதிரி பார்த்துக் குரைத்துவிட்டுக் கங்காணியின் கால் இடுக்கில் ஒளிந்துகொண்டது. என்ன சொல்ல? வயசுக் கோளாறு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். கூப்பிட்டால் வராததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "டைகர், ஏய், வா இங்க" என்றால் நிற்கும். திரும்பிப் பார்க்கும். காது கேட்கவில்லை என்றாலாவது மன்னிக்கலாம். நன்றாகக் கேட்டு, கொஞ்சம் யோசித்துப் பார்த்து, பிறகு தன் பாட்டுக்குப் போய்விடும்.

தொண்டைக்குப் பேர்போன மனுசனுக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருசக் கங்காணி. அவருக்குக் கீழே நாற்பது பெண்கள் கொழுந்து எடுத்தார்கள். காலையில் அவர் போடுகிற முதல் சத்தத்தில் எதிர்மலை லயத்து வீடுகளில் சேவல் கூவுவதை நிறுத்திவிடும் என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். அவருக்கு அது கேலியாகப் படவில்லை, பெருமையாகவே இருந்தது. சத்தம் போடாத கங்காணி என்ன கங்காணி?

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெறிநாய் இரண்டு பேரைக் கடித்து வைத்தது. மறுநாள் பெரட்டுக்களத்தில் தோட்டத்தை நடத்துகிற துரையே நேரில் வந்து உத்தரவு சொன்னார். உடையவன் கூப்பிட்டதும் வருகிற நாய் பிழைக்கலாம். வராமல் மலையில் சுற்றுகிற நாயைக் காவலுக்கு இருக்கிற வாச்சர் சின்னத்தம்பி கண்ட இடத்தில் சுட்டுவிட வேண்டும். அந்த வாரத்துக்குள் நான்கு நாய்கள் செத்தன.

சின்னத்தம்பி கெட்டவரில்லை. ஒருநாள் சாயங்காலம் கங்காணி வீட்டு வாசலில் வந்து நின்று, துவக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"கங்காணி, நான் தனியா இருந்தா ஒங்க நாயப் பாக்காத மாதிரி போயிருவேன். தொர கூட இருந்தா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது. அதுக்கு முன்ன எப்படியாச்சும் வழிக்குக் கொண்டாந்துருங்க."

அன்று இராத்திரி கங்காணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய இரண்டு மகள்மாரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஒருத்தி டயகமவில், ஒருத்தி நோட்டன் பிரிட்ஜில். வீட்டில் அவரும் மனைவி மீனம்மாவும் இந்த நாயும்தான். அதைப் போய்ச் சுடுவார்களா? பயத்தை வெளியே சொல்லத் தெரியாமல், "சனியன், சனியன்" என்று நாயைத் திட்டிக்கொண்டே தன் ரொட்டியில் பாதியை அதற்குப் போட்டார்.

வீட்டில் கட்டிப்போட வழியில்லை. மீனம்மா பிள்ளைக்காம்பராவில் ஆயா. தாய்மார் மலைக்குப் போனபிறகு கைப்பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும். தனியாக விட்டால் டைகர் கதவையே தின்றுவிடும். ஆகவே கங்காணி அதைக் கயிற்றோடு மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், ரோட்டோரச் சவுக்கு மரத்தில் கட்டிவைத்தார். குட்டியிலிருந்து அது வளர்ந்ததே அந்த மலையில்தானே.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? காதைச் சுடு என்றார் ஒருவர். வாலை நறுக்கு என்றார் இன்னொருவர். கழுத்தில் கட்டை கட்டு என்றது கங்காணிக்குச் சரியாகப் பட்டது. பயிர் மேய்கிற மாட்டுக்குச் செய்கிறதுதானே. பிடுங்கிப்போட்ட தேயிலைத் தூரில் ஒரு முண்டு எடுத்துச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார். டைகர் அதைக் கொஞ்ச நேரம் மோந்து பார்த்தது. பிறகு வாயில் கவ்விக்கொண்டு முன்னைவிட வேகமாக ஓடியது. வழியில் நின்ற இரண்டு பெண்களின் முழங்காலில் கட்டை பட்டதுதான் மிச்சம். கட்டை அன்றைக்கே அடுப்புக்குப் போனது.

அடுத்த நாள் மலையில் நாய் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடியது. கங்காணி கரடியாகக் கத்தினார். "ஏய், வா. ஏய், நில்லு. ஏய், சொல்றது காதுல விழல?" அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. நாய் வரவில்லை. அதுமட்டுமல்ல, நாற்பது பெண்களில் ஒருத்திகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கைகள் பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தன.

அதை அன்றுதான் அவர் கவனித்தார்.

"என்னங்கடி இது? பக்கத்துல நின்னு இவ்வளவு கத்துறேன், ஒருத்தி திரும்பிப் பாத்தீங்களா?"

முன் நிரையில் நின்ற காளியாயி கை வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். ஐம்பது வயதுக்காரி, கங்காணியைவிட மூத்தவள், மனதில் பட்டதை மடியில் முடிந்துவைக்கத் தெரியாதவள்.

"எதுக்குங்க திரும்பணும்? காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் ஏய், ஏய்தான். அதுக்கெல்லாம் காது குடுத்தா கொழுந்து எடுக்க முடியுமா? மழ பேயுறாப்புல அது ஒரு பக்கம் பேஞ்சுகிட்டு இருக்கும், நாங்க வேலையப் பாப்போம்."

"அப்ப இந்தப் பன்னெண்டு வருசமா நான் சொன்னத யாருமே கேக்கலயா?"

"கோவிச்சுக்காதீங்க. நாங்க செய்யிற வேலதான, நீங்க சொல்லாட்டியும் செய்வோம். ஒங்க நாயி மேலயும் குத்தமில்ல. கண்ணு தெறந்ததுலேருந்து அது எங்களோடதான கெடக்கு. கங்காணி கத்துனா தலையத் தூக்கக் கூடாதுன்னு எங்ககிட்டயே கத்துக்கிச்சு."

இரண்டு நிரைக்கும் சிரிப்பு ஓடியது. கங்காணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. திட்ட வாயைத் திறந்தார். திட்டினாலும் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, திறந்த வாயைச் சும்மா மூடினார்.

வீட்டுக்கு வந்து மீனம்மாவிடம் சொன்னார். அவள் ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்ற நினைப்பு. அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அவ சொன்னது நெசந்தாங்க" என்றாள்.

"நீயுமா?"

"பிள்ளைக்காம்பராவுல இருவது புள்ளைங்க. நான் கத்த ஆரம்பிச்சா நானும் இருவத்தொண்ணாவது புள்ள, அவ்வளவுதான். எதையும் ஒரு தடவதான் சொல்லுவேன். சொல்லிப்புட்டு வாய மூடிக்கிட்டு நிப்பேன். வர்ற வரைக்கும் நிப்பேன். சின்னதுங்களுக்கு மனசு திரும்ப நேரம் வேணும். நீங்க அந்த நேரத்துக்குள்ள ஒம்போது தடவ ஏய்ங்கிறீங்க. அது எந்த ஏய்க்கு வரும்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கங்காணிக்கு எரிச்சலாக இருந்தது. இராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். விடியும்போது முடிவுக்கு வந்துவிட்டார். நாய் பிழைக்கவேண்டுமானால் தன் சத்தத்துக்கு மறுபடியும் ஒரு மதிப்பு வரவேண்டும். மதிப்பு வரவேண்டுமானால் மலையில் வாயைத் திறக்கக் கூடாது.

சொல்வது சுலபம். சத்தம் போடாத கங்காணியைப் பார்த்தால் கண்டாக்கு ஐயா சும்மா விடுவாரா? கண்டாக்கு, மலைகளை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். தூரத்திலிருந்தே சத்தத்தை வைத்து வேலை நடக்கிறதா இல்லையா என்று கணக்குப் போடுகிறவர். மலை அமைதியாக இருந்தால் கங்காணி தூங்குகிறான் என்று எழுதிவிடுவார். அதற்கு மீனம்மாவே வழி கண்டுபிடித்தாள். ஒரு கம்பளித் துணியைக் கழுத்தில் சுற்றிவிட்டு, "தொண்ட கட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

இப்படித்தான் இராமையா கங்காணிக்குத் தொண்டை கட்டியது.

முதல் மூன்று நாள் நரக வேதனை. முத்தல் இலையைக் கண்டால் வாய் தானாகத் திறக்கும், கையால் பொத்திக்கொள்வார். சொல்லவேண்டியதை அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று சொல்ல வேண்டியிருந்தது. மேலும் கீழும் நடந்து முழங்கால் கழன்றது. ஆனால் பக்கத்தில் போனபோது, அத்தனை வருசமாகத் தூரத்திலிருந்து தெரியாததெல்லாம் தெரிந்தது. ஒருத்திக்குக் கைவிரல் வெடித்திருந்தது. ஒருத்தியின் கூடைக் கயிறு நெற்றியில் தழும்பு போட்டிருந்தது. கண்டாக்கு ஐயா இரண்டு தடவை வந்து பார்த்தார்.

"என்ன ராமையா, தொண்ட இன்னும் சரியாகலயா?"

கங்காணி கம்பளியைத் தொட்டுக் காட்டிப் பாவமாக இருமினார். பெண்கள் முகத்தைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை. கொழுந்தும் குறையவில்லை என்பதால் கண்டாக்குக்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது.

சாயங்காலங்களில் வீட்டுக்குப் பின்னால் பாடம் நடந்தது. நீளக் கயிற்றின் ஒரு நுனி நாயின் கழுத்தில், மறுநுனி மீனம்மாவின் கையில். கங்காணி பத்தடி தள்ளி நின்று, "டைகர், வா" என்பார். ஒரே தடவை. பிறகு நிற்பார். நாய் வானத்தைப் பார்க்கும், தவளையைப் பார்க்கும், காலைத் தூக்கி முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும். கங்காணி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் கால் மணி நேரம் நின்றார். கடைசியில் ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி அது வந்து சேரும்போது ரொட்டித் துண்டு கிடைக்கும். பத்து நாளில் கால் மணி நேரம் நான்கு மூச்சாகக் குறைந்தது. சில நாள் மறுபடி மோசமாகும். வயசுக் கோளாறு என்றால் ஏறுவதும் இறங்குவதும்தானே.

இரண்டு வாரம் முடிந்த நாள், கொழுந்து நிறுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரோட்டு வளைவில் துரை வந்தார். கூடவே கண்டாக்கு. பின்னால் துவக்கோடு சின்னத்தம்பி. துரையின் கையில் வார். வாரின் நுனியில் பங்களாவின் நீளக்காது நாய். சவுக்கு மரத்தில் கட்டியிருந்த டைகர் அதைப் பார்த்ததுதான் தாமதம், கயிறு அறுந்தது. காலையிலிருந்து அது சத்தமில்லாமல் அந்தக் கயிற்றைத்தான் மென்றுகொண்டு இருந்திருக்கிறது.

டைகர் நேராகத் துரையை நோக்கிப் பறந்தது. அதற்கு மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, ஒரு சிநேகிதியைக் கண்ட சந்தோசம். பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா? சின்னத்தம்பி துவக்கைத் தூக்கினார். தன் நாய் பக்கத்தில் நிற்கிறதே என்று துரை கையைக் காட்டித் தடுத்தார். டைகர் இரண்டு சுற்றுச் சுற்றி, நீளக்காது நாயின் மூக்கை ஒரு நக்கு நக்கிவிட்டு, குதித்துத் தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டி மேட்டில் ஏறி நின்றது. வெட்டவெளி. சுடுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

"யார் நாய்?" என்றார் துரை.

"என் நாய்ங்க தொர." கங்காணியின் குரல் கம்பளிக்குள்ளிருந்து கரகரத்தது. இந்தத் தடவை அது நடிப்பில்லை.

"கூப்பிடு. வந்தா சரி. வராட்டி சின்னத்தம்பி சுடும்."

மலை முழுக்கக் கைகள் நின்றுவிட்டன. நாற்பது பெண்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நாய்க்கும் கங்காணிக்கும் நடுவே எழுபது எட்டுத் தூரம் இருக்கும். பத்தடியில் படித்த பாடம் எழுபது எட்டில் நிற்குமா? பக்கத்தில் வெளிநாட்டு வாசனையோடு ஒரு பெண்நாய் வேறு. முனியாண்டி சாமியை நினைத்துக்கொண்டார்.

"டைகர், வா."

நாய் திரும்பிப் பார்த்தது. நின்றது. வரவில்லை.

"இன்னொரு தடவ கூப்புடு ராமையா," கண்டாக்கு பதறினார். அவரும் மனுசன்தானே. "சத்தமாக் கூப்புடுயா, சத்தமா."

பன்னிரண்டு வருசச் சத்தமும் கங்காணியின் தொண்டைக்கு வந்து முட்டியது. ஏய் என்று ஒரு சொல், நாக்கு நுனியில் நிற்கிறது. கூப்பிடாமல் நின்று அது செத்தால், கடைசி நேரத்தில் வாய்கூடத் திறக்காத பாவி என்று காலம் பூராவும் நெஞ்சு அறுக்கும். கூப்பிட்டால் அது பழைய மழையாகிவிடும், நாய் காதில் விழாது. கங்காணி இரண்டு கையையும் பின்னால் கட்டி, விரலை விரலால் நெரித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. சின்னத்தம்பியின் துவக்கு மெல்ல மேலே ஏறியது.

டைகர் மேட்டிலிருந்து இறங்கியது. கானில் இறங்கி எதையோ மோந்தது. ஒரு தேயிலைச் செடியின் அடியில் காலைத் தூக்கியது. துரை பார்க்கிறார், கண்டாக்கு பார்க்கிறார், நாற்பது பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். அது தன் வேலையை அவசரமில்லாமல் முடித்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு நேரே வந்து, கங்காணியின் ஒருகால் நல்ல சப்பாத்தும் ஒருகால் கடிபட்ட சப்பாத்துமான கால்களுக்கு முன்னால் உட்கார்ந்து, ரொட்டி எங்கே என்று பார்த்தது.

துரை சிரித்துவிட்டார். "ஒரே தடவை கூப்பிட்டான். நல்ல நாய்" என்று கண்டாக்கிடம் சொல்லிவிட்டு நடந்தார். சின்னத்தம்பி துவக்கை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் கங்காணியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கங்காணி அந்த இடத்திலேயே குந்தி, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பெண்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்படவில்லை.

எழுந்தபோதுதான் நேரம் நினைவுக்கு வந்தது. கொழுந்து நிறுக்க வேண்டும். மற்ற நாளாக இருந்தால் அதற்கே கால் மணி நேரம் தொண்டை கிழியும். அன்று நின்ற இடத்திலிருந்து, பேசுகிற குரலில் சொன்னார்.

"நேரமாச்சு. நிறுக்க வாங்க."

வாங்க என்றதை அவர்கள் கேட்டார்கள். உடனே யாரும் ஓடிவரவில்லை. ஒருத்தி எடுத்த செடியை முடித்தாள். ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்து உதறிக் கட்டினாள். காளியாயி மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, நரம்பு கிள்ளி, வாயில் போட்டுக்கொண்டாள். கங்காணி இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கூடையோடு நிரையை விட்டு இறங்கினார்கள். நாற்பது பேரும் வந்தார்கள்.

காளியாயி பக்கத்தில் வந்ததும் நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரத்துல நாயி பழகுச்சோ இல்லையோ, கங்காணி நல்லாப் பழகிட்டாருடி."

மலையே சிரித்தது. கங்காணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. காலடியில் ஒரு நாய் உயிரோடு மூச்சிரைத்துக்கொண்டிருக்கும்போது யார் மேல் கோபப்படுவது? அவரும் சிரித்தார். "வரிசையா வாங்கம்மா" என்றார், மெதுவாகத்தான், ஒரே தடவை.